லவ் பேர்ட்ஸ் ஓயாமல் முட்டையிடுகிறதா? கைவசம் சில குறிப்புகள்

ஒற்றைப் பெட்டையாகத்தான் வாங்கி வந்திருப்போம். அது பாட்டுக்குத் தீனிக் கிண்ணத்தில் முட்டையிட்டு வைத்திருக்கும். லவ் பேர்ட்ஸ் என்று நாம் கூப்பிடும் பட்ஜிகள் முட்டையிட ஆண் துணை தேவையில்லை. எப்போதோ ஓர் ஈடு என்றால் கவலைப்பட வேண்டாம். அடை முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த ஈடு, அதற்கடுத்த ஈடு என்று போனால்தான் ஆபத்து. பறவையின் எடையே 30 முதல் 40 கிராம், ஒரு முட்டை சுமார் 2 கிராம். ஆறு முட்டை போட்டால் அந்தச் சின்ன உடம்பிலிருந்து எவ்வளவு போகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இதைத் தடுக்கும் வழிகளில் பாதிக்குக் காசே செலவில்லை.

1. முதல் வேலையாகக் கூண்டில் தொங்கும் மண்பானையைக் கழற்றி விடுங்கள். கடைக்காரர் கூண்டோடு சேர்த்துக் கொடுத்தார் என்பதற்காக வருஷம் முழுக்கத் தொங்க வேண்டியதில்லை. பானையைப் பார்த்தாலே பெட்டைக்கு முட்டையிடும் ஆசை வந்துவிடும்.

2. பானை போனாலும் அது வேறு இடம் தேடும். தேங்காய்த் தொட்டி, துணிக் கூடாரம், மூடி போட்ட தீனி டப்பா என்று இருட்டாக ஒடுங்க இடம் தருவது எதுவானாலும் எடுத்து விடுங்கள். அடித்தட்டுக் காகிதத்தைக் கிழித்துக் குவித்தால், தட்டின் மேல் கம்பி வலை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ராத்திரி பதினொரு மணி வரை ஹாலில் டியூப்லைட்டும் டிவியும் ஓடினால் பறவைக்கு அது நீண்ட பகல். பகல் நீண்டால் உடம்பு இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கே கூண்டை ஆள் நடமாட்டமில்லாத அறைக்கு மாற்றி, பழைய பருத்தி வேட்டியால் காற்றுப் போகும்படி மூடுங்கள். 12 மணி நேர இருட்டு கிடைத்தால் நல்லது. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

4. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடுதான் பட்ஜிகளுக்குச் சொந்த ஊர். அங்கே மழை பெய்து புல் விதை பெருகும்போதுதான் முட்டையிடும், வறட்சி வந்தால் நிறுத்திவிடும். நம் வீட்டில் கிண்ணம் எப்போதும் நிறைந்திருப்பதால் அதற்கு வருஷமெல்லாம் மழைக்காலம். அதனால் தினையை நாள் முழுக்கக் கொட்டி வைக்காமல் காலையும் மாலையும் அளந்து போடுங்கள், தீனியும் மிச்சமாகும்.

5. ஊறவைத்த தானியம், முளைகட்டிய பயறு, வேகவைத்த முட்டை இவையெல்லாம் ஜோடி சேர்க்க நினைப்பவர்கள் கொடுப்பது. முட்டையை நிறுத்த நினைக்கும் நாம் கொஞ்ச நாள் இவற்றைத் தள்ளி வைக்கலாம். ஆனால் முட்டையிட்டுக் கொண்டிருக்கும்போது தீனியைக் குறைத்து விடாதீர்கள், அந்த ஈடு முடியட்டும்.

6. இட்ட முட்டையை உடனே எடுத்துப் போடுவதுதான் பலரும் செய்கிற காரியம். எடுக்க எடுக்க, குறைந்ததை ஈடுகட்ட அது இன்னும் இன்னும் இடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இட்டு, நாலைந்து சேர்ந்ததும் நிறைவாக அடையில் உட்காரட்டும். மூன்று வாரத்தில் சலித்துப் போய்த் தானே எழுந்து வந்துவிடும், அப்புறம் எடுங்கள்.

7. ஆண் பறவையும் கூட இருந்தால் அவை கூமுட்டையாக இருக்காது, 18 நாளில் குஞ்சு வந்து நிற்கும். குஞ்சு வேண்டாம் என்றால் இட்ட அன்றே முட்டையைப் பத்து நிமிஷம் வேகவைத்து, நன்றாக ஆறியபின் திரும்ப வையுங்கள். வேகும்போது வெடித்தால் பிளாஸ்டிக் முட்டை ஒன்றை அந்த இடத்தில் வைத்துவிடலாம்.

8. அடைகாக்கும் நாட்களில் காலையில் ஒரே ஒரு பெரிய எச்சம், நாற்றத்தோடு போடும். ராத்திரி முழுக்க அடக்கி வைத்திருந்து போடுவது அது, பயப்பட வேண்டாம்.

9. முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்தைப் பெட்டை தன் எலும்புக்குள் சேமித்து வைத்திருக்கும். தீனியில் அது கிடைக்காவிட்டால் எலும்பிலிருந்தே எடுத்து எடுத்து, கடைசியில் கால் தளர்ந்து கம்பியில் உட்கார முடியாமல் விழும், எலும்பும் முறியும். வெறும் தினையில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. ஆகவே கணவாய் ஓட்டைக் கூண்டில் எப்போதும் செருகி வையுங்கள். கடல் நுரை என்று கேட்டால் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும்.

10. அது கிடைக்காத நாளில் ஆம்லெட் போட்ட கோழிமுட்டை ஓடு போதும். பத்து நிமிஷம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, அம்மியிலோ மிக்ஸியிலோ பொடித்து, ஒரு சிட்டிகை தீனியில் கலந்து விடுங்கள்.

11. முருங்கைக்கீரையைக் கழுவி, ஈரம் உலர்ந்ததும் கொத்தாகக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். உருவிக் கொடுத்தால் சீண்டாத பறவைகூட, தலைகீழாகத் தொங்கி ஒவ்வொரு இலையாகக் கத்தரித்துத் தின்னும். பாலக் வேண்டாம், அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

12. தின்ற சுண்ணாம்பு உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அதற்குத் தேவையான கதிர் வராது. மொட்டை மாடியிலோ பால்கனியிலோ தினமும் கால் மணி நேரம் வையுங்கள், கூண்டில் பாதி நிழலாக இருக்கட்டும். காக்காய், பூனை வரும், கூடவே நில்லுங்கள். கடையில் விற்கும் வைட்டமின் சொட்டு மருந்தைக் கூடுதலாக ஊற்றாதீர்கள், டி அதிகமானால் சிறுநீரகம் கெடும்.

13. முதுகிலும் இறக்கைக்கு அடியிலும் தடவிக் கொடுப்பதைப் பறவை ஜோடியின் கொஞ்சலாக எடுத்துக்கொள்ளும். தலையை மட்டும் வருடுங்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பமும் அதற்கு ஒரு துணைதான், கழற்றி விடுங்கள்.

14. மூக்குத் துவாரங்களைச் சுற்றியுள்ள சதையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பெட்டைக்கு அது தடித்துப் பழுப்பாகி வறண்டுபோனால் முட்டைக்குத் தயாராகிறது என்று அர்த்தம். அப்போதே கூண்டின் இடத்தையும் கம்பிகளின் அமைப்பையும் மாற்றிவிட்டால் பல சமயம் எண்ணத்தை விட்டுவிடும்.

15. வாரம் ஒரு தடவை சமையலறைக் கிராம் தராசில் எடை போட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். இட்ட முட்டைக்கும் ஒரு புள்ளி. ஓடு தோல் மாதிரி மெத்தென்று இருந்தால் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

16. உப்பிக்கொண்டு கூண்டின் அடித்தட்டில் உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடி, முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். வயிற்றை அமுக்குவது, ஆசனவாயில் எண்ணெய் விடுவது இரண்டும் கூடாது, முட்டை உள்ளே உடைந்தால் நிலைமை மோசமாகும்.

17. டாக்டரிடம் போகும் வரை கதகதப்புதான் முதலுதவி. அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு ஓரத்தில் வைத்து, ஈரத்துணி ஒன்றையும் வையுங்கள். உள்ளே 30 டிகிரி அளவில் இருந்தால் போதும், சூடு தாங்காவிட்டால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள அதற்கு இடம் இருக்கட்டும்.

18. ஆசனவாயில் சிவப்பாகச் சதை பிதுங்கினாலும், முட்டை வராமலே வயிறு வீங்கி மூச்சு வாங்கினாலும் அன்றைக்கே மருத்துவமனைதான். மஞ்சள் கரு வயிற்றுக்குள் சிந்திச் சீழ் பிடிப்பதும் உண்டு, அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

19. எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை. பறவை நன்றாக இருக்கும்போதே விசாரித்து நம்பரைக் கூண்டு மேலேயே எழுதி ஒட்டுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல் பக்கத்தில் இருப்பவர்கள் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். போகும்போது காலண்டர் குறிப்பையும் கடைசி எச்சம் விழுந்த காகிதத்தையும் எடுத்துக்கொண்டால் கேள்விகள் பாதி குறையும். மேலே சொன்னதெல்லாம் செய்தும் நிற்காத பெட்டைக்கு ஹார்மோன் ஊசி உண்டு, அதையும் அவரிடமே கேளுங்கள்.