பிட் கிரஷர்: ஒலியைச் சிதைத்து இசை காணும் கருவி

மின் கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே இணைத்து, காலால் அழுத்தி இயக்கப்படும் சிறு பெட்டிகள் பல உள்ளன. அவற்றுள் 'பிட் கிரஷர்' என்பது விந்தையானது. இது ஒலியை வேண்டுமென்றே சிதைக்கிறது. பழைய மின் விளையாட்டுக் கருவிகளில் கேட்கும் கரகரப்பான ஒலி இதிலிருந்து கிடைக்கிறது.

ஒலியை எண்களாக மாற்றுவதற்கு இரண்டு அளவுகள் வேண்டும். மின்னழுத்தத்தை வினாடிக்கு எத்தனை தடவை அளப்பது என்பது ஒன்று. அதனை எத்தனை படிகளுள் ஒன்றாகக் குறிப்பது என்பது மற்றொன்று. 'காம்பாக்ட் டிஸ்க்' எனப்படும் இசைத்தட்டில் வினாடிக்கு 44,100 அளவீடுகள் உள்ளன. ஒவ்வொன்றும் 16 பிட் உடையதாதலால், 65,536 படிகள் அமைகின்றன. பிட் கிரஷரின் இரு குமிழ்கள் இவ்விரண்டையும் தனித்தனியே குறைக்கின்றன. விளைவுகளும் வெவ்வேறானவை.

முதலில் படிகளைக் கருதுவோம். ஒரு பிட் குறைந்தால் படிகள் பாதியாகும். 4 பிட்டுக்கு 16 படிகளே உண்டு. 2 வோல்ட் அகலமுள்ள அலையை 16 படிகளாகப் பகுத்தால், ஒரு படி 1/8 வோல்ட் ஆகும். வளைந்து செல்லவேண்டிய அலை மாடிப்படிபோல் உடைந்து, கரகரப்பு எழுகிறது. தந்தியின் அதிர்வு தளர்ந்து 1/16 வோல்ட்டுக்குக் கீழே சென்றதும், அது சுழியாகவே குறிக்கப்படும். ஒலி விக்கித் திடீரென அறுந்துவிடும். இதனைத் தவிர்க்க விரும்புவோர், ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் 'கம்பிரஸர்' கருவியை முன்னால் இணைத்தல் நன்று.

அளவீடுகளைக் குறைப்பதன் விளைவு இன்னும் வியப்பானது. வினாடிக்கு 8,000 அளவீடுகளைக்கொண்டு 4,000 அதிர்வுகளுக்கு உட்பட்ட ஒலிகளையே சரியாகக் குறிக்க இயலும். அதற்கு மேற்பட்டவை மடங்கிக் கீழே வந்து, பொய்யொலிகளாகத் தோன்றும். முதல் தந்தியின் பன்னிரண்டாம் கட்டையில் எழும் சுரம் ஏறத்தாழ 660 அதிர்வுகள் உடையது. அதன் எட்டாவது மேற்சுரமாகிய 5,280, மடங்கி 2,720 ஆகிறது. இது 660-இன் மடங்கு அன்று. ஆகவே மூலச் சுரத்தோடு இசையாது மணியோசைபோல் தனித்தொலிக்கும். பல சுரங்களை ஒருங்கே மீட்டினால் குழப்பமே மிகும். தனிச் சுரங்களே இதற்கு ஏற்றவை. சாதாரணப் பதிவுக் கருவிகளில், இப்பொய்யொலிகளைத் தடுக்கவே அளவீட்டுக்கு முன் வடிப்பான் வைக்கிறார்கள். இங்கே அவ்வடிப்பானுக்கு இடமில்லை.

குறையே சுவையாவதற்குச் சான்றும் உண்டு. 1987-இல் வெளிவந்த 'எஸ்.பி.-1200' என்னும் தாளக் கருவி 12 பிட் உடையது. வினாடிக்குச் சுமார் 26,000 அளவீடுகளே செய்தது. அதன் முரட்டொலியையே இசைஞர் பலர் பின்னர் விரும்பித் தேடினர்.

புதிதாகப் பயில்வோர் ஒரு வேளையில் ஒரு குமிழையே திருப்பிக் கேட்டுப் பழகுக. மூல ஒலியையும் ஓரளவு கலந்துகொண்டால் சுரம் தெளிவாக நிற்கும். பதிவு செய்யும்போது மூல ஒலியைத் தனியே காத்து வைத்தல் இன்றியமையாதது. இருமடியாக மடங்கிய ஒலியை மீண்டும் பிரிக்கவோ, இழந்த படிகளை அவ்வாறே மீட்கவோ எக்கருவியாலும் இயலாது.