மானிகள் பிழை காட்டும்போது: கிட் கார் வைத்திருப்போருக்கான ஒரு பாடம்

பகுதிகளாக வாங்கி, உரிமையாளர் தாமே பொருத்திக்கொள்ளும் வாகனம் கிட் கார் எனப்படும். 1957 இல் பிரித்தானியாவில் வெளிவந்த லோட்டஸ் செவன் இவ்வகையில் பெயர்பெற்றது. முழுமையாகப் பொருத்திய காருக்கு அன்று அந்நாட்டில் இருந்த கொள்வனவு வரி, பகுதிகளாக விற்கப்பட்ட காருக்கு இருக்கவில்லை. அதனாலும் அது பரவியது. நோர்வேயில் இத்தகைய காரை வீதிக்குக் கொண்டுவர, அரச வீதி நிர்வாகமான ஸ்தாத்தென்ஸ் வேக்வேசெனின் ஒப்புதலும் பதிவும் வேண்டும். ஆயினும் ஒப்புதல் நாளில் சரியாக இருந்த மானி, சில குளிர்காலங்களின் பின்னும் சரியாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

மானியைச் சரிபார்ப்பது விருப்பத்துக்கு விடப்பட்ட விடயமன்று. 1965 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, புறப்படுமுன் வாகனம் பாதுகாப்பான, விதிகளுக்கமைந்த நிலையில் உள்ளதெனச் சாரதி உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. நம்மவர் ஈயூ-கொன்ட்ரோல் என்று அழைக்கும் காலமுறைச் சோதனையில் வாகனம் தேறியிருப்பினும் இப்பொறுப்பு நீங்குவதில்லை.

முள் ஒரு சாட்சி மட்டுமே

எரிபொருள், வெப்பம், எண்ணெய் அழுத்தம் ஆகியவற்றைக் காட்டும் மானிகளுக்குப் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு. தாங்கியிலோ எஞ்சினிலோ உள்ள உணரி, நிலைமைக்கேற்பத் தன் மின்தடையை மாற்றுகிறது. அதற்கேற்ப மாறும் மின்னோட்டமே முள்ளை அசைக்கிறது. ஆகவே முள் தான் கண்டதைச் சொல்வதில்லை. வயர் வழியே கேட்டதையே சொல்கிறது. புதிய மானி வாங்குமுன் அந்த வழியை முழுமையாகச் சோதிப்பதே முறை. பெரும்பாலும் பழுது மானியில் இராது.

(புதிய தொழிற்சாலைக் கார்களில் மானிகள் கணினி வழியே இயங்குவதால் இம்முறை அவற்றுக்குப் பொருந்தாது. பழைய கார்களுக்குப் பொருந்தும்.)

படி 1: எத்தனை மானிகள் பிழை காட்டுகின்றன?

ஒரு மானி மட்டும் பிழை காட்டினால், அதன் உணரியையோ வயரையோ ஐயுறுக. பல மானிகள் ஒரே நேரத்தில் பிழை காட்டினால், அவற்றுக்குப் பொதுவானவற்றைப் பார்க்க: பியூஸ், மின்வழங்கல், எர்த் தொடுப்பு. பழைய ஸ்மித்ஸ் மானிகள் பலவற்றில் மின்னழுத்தத்தை ஏறத்தாழ 10 வோல்ற்றில் நிறுத்தும் சிறு கருவி ஒன்று உண்டு. அதன் எர்த் தளர்ந்தால், வெப்பமானியும் எரிபொருள்மானியும் சேர்ந்தே உயர்வாகக் காட்டும்.

படி 2: எர்த் தொடுப்பு

சாதாரண காரில் இரும்பு உடலே மின்னோட்டம் பற்றரிக்குத் திரும்பும் பாதையாகும். பல கிட் கார்களின் உடல் கண்ணாடி நாரால் ஆனது. அதனூடாக மின்சாரம் பாயாது. 1956 இல் தெலமார்க்கின் லுண்டேயில் உருவாகி, ஐந்து மட்டுமே கட்டி முடிக்கப்பட்ட நோர்வேயின் த்ரோல் காரும் அத்தகைய உடல் கொண்டதே. இவ்வகைக் கார்களில் ஒவ்வொரு மானிக்கும் எர்த் வயர் தனியே இழுக்கப்பட்டிருக்க வேண்டும். குளிர்காலத்தில் ஒஸ்லோ வீதிகளில் இடப்படும் உப்பு, அடிச்சட்டத்தில் உள்ள இணைப்புகளை அரித்துவிடும்.

இதற்கு எளிய அடையாளம் உண்டு. முன்விளக்கை ஏற்றும்போது அல்லது திரும்பும் சைகையை இடும்போது முள் அசைந்தால், எர்த் பழுதென்று பெரும்பாலும் கொள்ளலாம். உறுதிசெய்ய, விளக்குகளை ஏற்றிவைத்து, மானியின் எர்த் முனைக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையே மல்ரிமீற்றரால் அளக்க. ஏறத்தாழ சுழியம் வர வேண்டும். அரை வோல்ற் வந்தாலே இணைப்பைக் கழற்றிச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்குக.

படி 3: உணரியா, மானியா?

சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல், வெப்ப உணரியின் வயரைக் கழற்றுக. முள் ஒரு முனைக்குச் செல்ல வேண்டும். அவ்வயரை ஓரிரு நொடிகள் மட்டும் எர்த்தில் தொடுக. முள் மறுமுனைக்குச் செல்ல வேண்டும். இரண்டும் நிகழ்ந்தால் மானியும் வயரும் நலம், உணரியே பழுது. எரிபொருள்மானிக்கு இச்சோதனையைத் தாங்கியருகே செய்யலாகாது; ஒரு தீப்பொறி போதும். டாஷ்போர்ட்டின் பின்புறத்து முனையிலேயே செய்க.

படி 4: பொருந்தாத இணை

கிட் காரில் உணரி ஒரு காரிலிருந்தும் மானி வேறொன்றிலிருந்தும் வந்திருக்கக்கூடும். ஐரோப்பிய வி.டி.ஓ. வகை எரிபொருள் உணரி பொதுவாக வெறுமைக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம் காட்டும். அமெரிக்க வகை வெறுமைக்கு 240, நிறைவுக்கு 33. இவற்றைக் கலந்து இணைத்தால், தாங்கி நிறையும்போது முள் இறங்கும். இங்கு பழுதான பொருள் எதுவுமில்லை. இரண்டும் வெவ்வேறு மொழி பேசுகின்றன, அவ்வளவே. ஒரே வகை இணையை வாங்குவதே தீர்வு.

படி 5: வேகமானி

ஐக்கிய நாடுகளின் 39 ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதிப்படி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டலாகாது. கூடுதலாகக் காட்டக்கூடிய எல்லை, உண்மை வேகத்தின் பத்திலொரு பங்குடன் மணிக்கு 4 கி.மீ. ஆகும். அதாவது உண்மை வேகம் 80 எனில் முள் 80 முதல் 92 வரை நிற்கலாம். பெரிய சக்கரம் பூட்டினால், அது அதே தூரத்தைக் குறைந்த சுழற்சியில் கடக்கும். முள் குறைத்துக் காட்டும். அபராதம் விதிக்கப்படும்போது முள்ளைக் காரணம் கூறுவது பயன் தராது. கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேகத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் கைப்பேசியைச் சாரதியன்றி அருகிலிருப்பவரே பார்க்க வேண்டும்.

ஐயம் தீரும் வரை

காரணம் புலப்படும் வரை மோசமான அளவையே உண்மையெனக் கொள்க. குறிப்பாக, வெப்பமானி தாழ்வாகக் காட்டுவது எப்போதும் நற்செய்தியன்று: குளிர்விக்கும் நீர் வடிந்து உணரி வெறுங்காற்றில் நின்றால், எஞ்சின் கொதிக்கும்போதே முள் கீழே நிற்கும். முதலில் நீர்மட்டத்தைப் பாருங்கள். ஆனால் சூடான றேடியேற்றரின் மூடியைத் திறவாதீர்கள்.

சாவியைத் திருப்பியதும் எண்ணெய் அழுத்தம், மின்னேற்றம் ஆகியவற்றின் சிவப்பு விளக்குகள் எரிந்து, எஞ்சின் இயங்கியதும் அணைய வேண்டும். எரியாத விளக்கு ஆறுதலுக்குரியதன்று. அதன் குமிழே கருகியிருக்கலாம். ஓடும்போது எண்ணெய் விளக்கு எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்கவும். தடுப்பு விளக்கு எரிந்தால், காரணம் அறியும் வரை அவ்வாகனத்தை ஓட்டாதீர்கள். அதனைத் தேர்ந்த பட்டறையிடம் ஒப்படைக்கவும்.

இறுதியாக ஒன்று. வேலையின்போது வடித்த குளிர்விப்புத் திரவம் நச்சுடையது; சிறுவரும் வளர்ப்புப் பிராணிகளும் அணுகாதவாறு மூடிய கலனில் வைக்கவும். அதனையும் பழைய பற்றரியையும் வடிகாலிலோ வீட்டுக் குப்பையிலோ இடாது, ஹாரல்ட்ரூட் போன்ற மாநகரசபை மீள்பயன்பாட்டு நிலையத்தில் ஆபத்தான கழிவாக ஒப்படைக்கவும்.