முறைக்காய்ச்சல்: ஒரு பழஞ்சொல்லின் பொருள்

வழக்கொழிந்து வரும் பழஞ்சொற்களுள் 'முறைக்காய்ச்சல்' என்பதும் ஒன்றாகும். இன்று நாம் 'மலேரியா' என வழங்கும் நோயை நம் முன்னோர் இப்பெயரால் குறித்தனர். இவ்விரு பெயர்களின் பொருளையும் ஈண்டு ஆராய்வோம்.

'முறை' என்பது ஒழுங்காக மாறி மாறி வருவதைக் குறிக்கும். வயலுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சுதல் என்று உழவர் கூறுவர். இக்காய்ச்சலும் அத்தகையதே. குளிரும் நடுக்கமுமாகத் தோன்றி, உடல் கொதித்து, வியர்த்துத் தணியும். ஒருநாள் விட்டு மீண்டும் வரும். இரண்டு நாள் விட்டு வரும் வகையும் உண்டு. நோய்க்கிருமிகள் குருதியின் சிவப்பணுக்களுள் பெருகி, 48 அல்லது 72 மணி நேரத்திற்கு ஒருமுறை அவற்றை உடைத்து வெளிவருவதே இதற்குக் காரணம். கிருமியை அறியாத காலத்திலும் நம் முன்னோர் நோயின் போக்கை உற்றுநோக்கிப் பெயரிட்டனர்.

'மலேரியா' என்பது இத்தாலிய மொழிச் சொல். 'மாலா' என்றால் கெட்ட; 'ஆரியா' என்றால் காற்று. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே இந்நோயைத் தருகின்றது என அக்காலத்தார் கருதினர். சதுப்பு நிலத்தருகே நோய் மிகுந்திருந்தது உண்மை. காற்றுதான் காரணம் என்பது தவறான ஊகம். 1880இல் லவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அல்சீரியாவில் நோயாளியின் குருதியில் இக்கிருமியைக் கண்டார். 1897இல் செக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் அதனைக் கொசுவின் வயிற்றில் கண்டார்.

இவ்வறிவு நம் நாட்டிற்கும் பயன்பட்டது. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடிகால் வெட்டி அகற்றச் செய்தார். அங்கு நோய் வெகுவாகக் குறைந்தது. ஆயினும், ரப்பர்த் தோட்டங்களைத் திருத்திய நம் பாட்டன் பாட்டிமார் பலர் இக்காய்ச்சலுக்கு இரையாயினர் என்பதை நாம் மறத்தலாகாது.

2018ஆம் ஆண்டிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து, மனிதரிடையே பரவும் மலேரியா மலேசியாவில் உள்நாட்டுத் தொற்றாகப் பதிவாகவில்லை. எனினும், குரங்குகளிடமிருந்து கொசுவின் வழியே மனிதரைப் பற்றும் மற்றொரு வகை காட்டோரங்களில் உண்டு. அதன் முறை 24 மணி நேரமே. ஆதலின் பெற்றோரே, காட்டையொட்டி வேலை செய்வோருக்குக் காய்ச்சல் கண்டால், விட்டு விட்டு வருகிறதா என்று பார்த்துக் காத்திராமல் உடனே மருத்துவமனையில் குருதியைச் சோதிக்கச் செய்க.

மாணவர்களே! கண்டது எது, கருதியது எது எனப் பகுத்தறிதலே கல்வியின் பயன். ஒரு சொல்லைக் கற்கும்போதும் அவ்வாறே ஆராய்ந்து கற்பீர்களாக!