அம்புக்குறியின் நேர்கோடும் கிரிவலப் பாதையின் வளைவும்

அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்றால் என்ன என்று கேட்டால் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் வரையறையைப் பிழையின்றிச் சொல்லிவிடுவார்கள். "நாம் இப்போது எந்த அட்சக்கோட்டில் உட்கார்ந்திருக்கிறோம்?" என்று கேட்டால் வகுப்பறை அமைதியாகிவிடும். திருவண்ணாமலையில் புவியியல் கற்பிக்கும் எனக்கு அந்த அமைதி நெடுநாள் உறுத்தலாக இருந்தது. அதைக் கலைக்க ஒரு விளையாட்டைப் பாடமாக்கினேன். அதில் நான் செய்த இரண்டு பிழைகளும் நல்ல பாடங்களாயின. அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

விளையாட்டு பிறந்த கதை

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞைகளின் துல்லியத்தை அமெரிக்கா வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. அந்தத் தடை நீங்கிய ஓரிரு நாளில், மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலக் காட்டுப்பகுதியில் ஒரு வாளியில் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் வைத்து, அந்த இடத்தின் அட்ச, தீர்க்க எண்களை இணையத்தில் அறிவித்தார். எண்களைப் பின்தொடர்ந்து மற்றவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். இன்று ஜியோகேச்சிங் என்ற பெயரில் பல நாடுகளில், காடு மலைகளில் நடந்தும் சைக்கிளிலும் சென்று இதை விளையாடுகிறார்கள்.

நம் ஊருக்கேற்ற மாற்றம்

எங்கள் ஊரில் பெட்டி வைப்பது சரிவராது. மலை வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. அனுமதியின்றி உள்ளே செல்லக் கூடாது. பக்தர்கள் நடமாடும் பாதையில் கேட்பாரற்ற பெட்டி கிடந்தால் வீண் பதற்றம் உண்டாகும். ஆகவே பெட்டிக்குப் பதில் கேள்வி வைத்தோம். சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எட்டுத் திசைகளின் பெயரால் எட்டு லிங்கக் கோயில்கள் உள்ளன. அவற்றின் அருகே சில மண்டபங்கள், குளங்கள், மரங்களைத் தேர்ந்தெடுத்தோம். "இங்குள்ள தூண்கள் எத்தனை?", "நிழல் தரும் மரம் எது?" போன்ற கேள்விகளுக்கு நேரில் போனால்தான் விடை கிடைக்கும்.

தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் பெற்று, பௌர்ணமி அல்லாத ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். பதினெட்டு மாணவர்கள், மூன்று குழுக்கள், குழுவுக்கு ஓர் ஆசிரியர். அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டிகள் கைகொடுத்தன. கைப்பேசிகள் ஆசிரியர்களுடையவை. இருப்பிடம் அறிய ஜிபிஎஸ்ஸுக்கு இணைய இணைப்பு தேவையில்லை என்பதே பலருக்குப் புதுச் செய்தி.

முதல் பிழை

ஓர் இடத்தின் அட்சத்தை 12 பாகை 14 நிமிடம் 5 விநாடி என்று குறித்துவைத்திருந்தேன். அவசரத்தில் அதையே 12.1405 என்று உள்ளிட்டேன். "சார், இன்னும் பத்து கிலோமீட்டர் போகணுமாம்!" என்று குழுவே சிரித்தது. 14 நிமிடத்தை 60ஆலும் 5 விநாடியை 3600ஆலும் வகுத்துக் கூட்டினால் 12.2347 வரும். ஒரு பாகை அட்சம் என்பது தரையில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். என் கவனக்குறைவு எங்களைப் பத்து கிலோமீட்டருக்கு மேல் தெற்கே அனுப்பப் பார்த்தது. அன்றைக்குப் பிறகு அந்தக் கணக்கை யாரும் தவறாகப் போடவில்லை.

இரண்டாம் பிழை

இது சிரிப்புக்குரியதல்ல. நிருதி லிங்கத்தைக் கடந்ததும், அடுத்த இலக்கு அருகில் இருப்பதாகக் கைப்பேசி காட்டியது. அம்புக்குறி வலப்புறம், மலையை நோக்கி இருந்தது. நான் பின்னால் வந்த சைக்கிளின் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மூன்று மாணவர்கள் முட்புதரை விலக்கிக் காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் கத்துவதற்குள் ஒரு மாணவி அவர்களை நிறுத்தினாள்: "டேய், அம்பு நேராத்தான் காட்டும். ரோடு வளைஞ்சு அங்கேதான் போவுது." வகுப்பில் அதிகம் பேசாத பெண் அவள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் இந்த மலையில் மண் சரிந்து, அடிவாரக் குடியிருப்பில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். அதை அறிந்திருந்தும், புறப்படுமுன் நான் சொல்லவேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை: எண்கள் இடத்தைச் சொல்லும், வழியைச் சொல்லாது.

வகுப்பறையில் தொடர்ந்தது

திங்களன்று அந்த மாணவி சொன்னதையே கரும்பலகையில் வரைந்தோம். பாதையை வட்டமாகக் கொண்டால் நாம் செல்வது வில்; அம்பு காட்டுவது நாண். நாண் எப்போதும் வட்டத்துக்குள்ளேதான் செல்லும். ஆகவே கிரிவலப் பாதையில் அம்பு எப்போதும் மலைப்பக்கமே இழுக்கும். பாதியளவு, அதாவது 7 கிலோமீட்டர் சுற்றினால், நேர்கோட்டுத் தொலைவு சுமார் 4.5 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தக் கோட்டின் நடுவே, கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை நிற்கிறது!

பிறகு எட்டு இடங்களின் எண்களையும் வரைபடத்தாளில் குறித்தார்கள். சரியான வட்டம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவர்களே கேட்டார்கள். பாடம் அங்கிருந்து நகர்ந்தது.

நீங்களும் செய்து பார்க்க

• முதல் நாளே ஆசிரியர் பாதை முழுவதும் சென்று எண்களைச் சரிபார்க்க வேண்டும்.
• எல்லாக் கைப்பேசிகளிலும் ஒரே எண்முறை இருக்கட்டும்.
• திறந்தவெளியில் சில மீட்டர் பிழை இயல்பு. அடர்ந்த மரங்களுக்கும் பாறைகளுக்கும் அருகே அது கூடும். கடைசி ஐம்பது மீட்டரில் திரையை விட்டுக் கண்களை நம்பச் சொல்லுங்கள்.
• சாலையையும் பாதையையும் விட்டு விலகக் கூடாது என்பதே முதல் விதி.
• தொடக்க வகுப்புகளுக்குக் கைப்பேசியே வேண்டாம். "வேப்பமரத்திலிருந்து வடக்கே பத்து அடி, பிறகு கிழக்கே ஆறு அடி" என்று பள்ளி வளாகத்திலேயே நடத்தலாம்.

ஏரிக்கரை, ஆலமரம், சந்தைத்திடல் என ஒவ்வோர் ஊரிலும் இதற்கு இடம் உண்டு. இப்போது என் வகுப்பில் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டால் அமைதி நிலவுவதில்லை. "பாகையிலா சார், தசமத்திலா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.