மரத்துப்போதல்

நெடுநேரம் சம்மணமிட்டு அமர்ந்து எழுந்தால், கால் நம்முடையதே அன்று என்பது போலத் தோன்றும். சற்றுப் பொறுத்து, அதே காலில் எண்ணற்ற ஊசிகள் குத்தும். இவ்வுணர்ச்சியை ஆங்கிலத்தில் 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்பர். குண்டூசிகளும் தையல் ஊசிகளும் என்பது அதன் நேர்ப்பொருள். உண்மையில் ஊசி எதுவும் குத்துவதில்லை. அமர்ந்திருக்கையில் நரம்பு அழுந்துகிறது. அங்குக் குருதியோட்டமும் குறைகிறது. அழுத்தம் நீங்கியதும் நரம்புகள் மூளைக்குத் தாறுமாறாகச் செய்தி அனுப்புகின்றன.

ஆங்கிலத் தொடர் குத்தலை மட்டுமே கூறுகிறது. தமிழோ அதற்கு முந்தைய நிலைக்கும் சொல் வைத்துள்ளது. கால் மரம்போல் உணர்வற்றிருப்பது மரத்துப்போதல். இதில் வருவது இடையின ரகரம். வல்லின றகரம் இட்டால் சொல் மறதியின் பக்கம் போய்விடும். உணர்வு மங்கித் தடித்தாற்போல் இருப்பது மதமதப்பு. உணர்வு மீளும்போது 'எறும்பு ஊர்கிறது' என்போம். மிகுந்தால் 'சுருக்கென்று குத்துகிறது' என்போம்.

தேர்வு முடிவுக்குப் பதற்றத்துடன் காத்திருப்பவரையும் ஊசிகளின் மேல் இருப்பவராக ஆங்கிலம் சொல்லும். தமிழர் அவரை முள்ளின் மேல் நிறுத்துவர்.

ஊரிலிருந்து வந்த பாட்டியை இங்குள்ள மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாள் உங்களுக்கும் வரலாம். "காலு மதமதன்னு இருக்கு கண்ணு, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்பார் பாட்டி. நீங்கள் 'தர்த்' என்று இந்தியில் சொல்லிவிடுவது எளிது. ஆனால் பாட்டி வலி என்று சொல்லவே இல்லையே! நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கு நரம்பு பழுதுற்றுப் பாதம் மரத்துப்போவதுண்டு. முள் தைத்தாலும் அறியாமல் நடப்பர், புண் பெருகும். வலி என்று கேட்கும் மருத்துவர் முழங்காலை நோக்கக்கூடும். மரத்தல் என்று கேட்டால் பாதத்தைத் தொட்டுச் சோதிப்பார். ஆகவே மதமதப்பை 'ஸுன்' என்றும், எறும்பு ஊர்வதை 'ஜுன்ஜுனி' என்றும் பிரித்துச் சொல்லுங்கள்.

பயிற்சி

1. ர, ற ஆகியவற்றுள் பொருந்தும் எழுத்தை இடுக.
குளிரில் விரல்கள் ம__த்துப்போயின.
அவன் என் பெயரை ம__ந்துவிட்டான்.

2. உடல் உணர்ச்சியைக் குறிக்கும் மூன்று சொற்களை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதுக. அவற்றுள் இந்தியில் ஒரே சொல்லால் கூற இயலாதது எது?