வெற்றியை எந்தக் கோலால் அளப்பது?
அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து கற்பிக்கும் ஓர் அளவியல் பாடம்



தனி ஊசல் ஒன்றின் அலைவு நேரத்தைக் காண வேண்டும். நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒரே ஓர் அலைவுக்கு நேரம் பார்த்துவிட்டு, நிறுத்தக் கடிகாரத்தைக் கீழே வைத்துவிட மாட்டீர்கள். 20 அலைவுகளுக்கான நேரத்தைக் குறித்து, அதை 20-ஆல் வகுப்பீர்கள். மறுபடியும் செய்து சராசரி காண்பீர்கள். ஒற்றை அளவீட்டில், கடிகாரத்தை அழுத்தும் விரல் சற்றே பிந்தினாலும் விடை தவறிவிடும் அல்லவா?

அளக்க வேண்டிய பொருள் ஊசலாக இல்லாமல் "வெற்றி" என்பதாக இருந்தால் என்ன செய்வது? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இக்கேள்வி நெடுநாளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. ஓராண்டு மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டுப் போகும் மாணவர்களே அவ்விவாதத்தின் மையம். அதனைச் சற்று ஆராய்வோம்.

ஓராண்டு மாணவர்கள் யார்?

அமெரிக்காவில் என்.பி.ஏ. என்னும் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம் உள்ளது. அதன் அணிகள் ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களை ஒருவர்பின் ஒருவராக, முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்படுவது பெரும் சிறப்பு, ஊதியமும் மிகுதி.

முன்பெல்லாம் பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேரே இத்தேர்வில் கலந்துகொள்ளலாம். கோபி பிரையன்ட் 1996-லும், லெப்ரான் ஜேம்ஸ் 2003-லும் அவ்வாறே சேர்ந்தனர். 2006-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து விதி மாறியது. தேர்வு நடைபெறும் ஆண்டில் வயது 19 ஆக வேண்டும். அமெரிக்க மாணவராயின், பள்ளி வகுப்பு முடிந்து ஓராண்டேனும் கழிந்திருக்க வேண்டும். திறன் மிக்க மாணவர் பலர் அந்த ஓராண்டைக் கல்லூரியில் ஆடிக் கழித்துவிட்டுத் தேர்வுக்குச் செல்லலாயினர்.

இப்படி ஒருவர் வந்து போனால் வெற்றி யாருக்கு? கல்லூரிக்கா, மாணவருக்கா, இருவருக்குமா?

ஒரே ஆண்டு, மூன்று விடைகள்

புதிய விதியின்கீழ் கல்லூரிக்கு வந்த முதல் அணியினர் 2007-இல் தேர்வுக்குச் சென்றனர். அவ்வாண்டின் மூன்று அணிகளைப் பாருங்கள்.

ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரெக் ஓடன் ஆடினார். அவருடைய அணி தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம்வரை சென்று தோற்றது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கெவின் டுராண்ட் ஆடினார். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. அவருடைய அணியோ இரண்டாம் சுற்றிலேயே வெளியேறியது. ஓராண்டு முடிந்ததும் ஓடன் முதலாவதாகவும், டுராண்ட் இரண்டாவதாகவும் என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்டனர்.

மூன்றாவது அணி ஃபுளோரிடா. அல் ஹார்ஃபோர்டு, கோரி புரூவர், ஜோக்கிம் நோவா ஆகிய மூவரும் 2006-இல் அக்கல்லூரிக்குப் பட்டம் வென்று தந்தவர்கள். அப்போதே தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். மூவரும் தங்கினர். 2007 இறுதி ஆட்டத்தில் ஓடனின் அணியை 84-75 என வென்று மீண்டும் பட்டம் பெற்றனர். அதன்பின் நடந்த தேர்வில் முறையே 3, 7, 9-ஆம் இடங்களில் எடுக்கப்பட்டனர்.

பட்டத்தை அளவுகோலாகக் கொண்டால் ஃபுளோரிடாவே முதலில் நிற்கிறது. தேர்வு வரிசையைக் கொண்டால் ஓடன் முதல்வர். தனித்திறன் விருதைக் கொண்டால் டுராண்ட். கோல் மாறினால் விடையும் மாறுகிறது.

பகடை உருட்டிப் பாருங்கள்

பெரும்பாலோர் கையாளும் கோல், மார்ச் மாதம் தொடங்கும் தேசியப் போட்டியின் பட்டமே. அந்தக் கோலின் நம்பகத்தன்மை எவ்வளவு? இதை நீங்களே சோதித்து அறியலாம்.

இப்போட்டி, தோற்றால் வெளியேறும் முறையில் நடப்பது. முதன்மைச் சுற்றில் 64 அணிகள். 64, 32, 16, 8, 4, 2 எனப் பாதி பாதியாகக் குறைவதால், பட்டம் பெற 6 ஆட்டங்களில் தொடர்ந்து வெல்ல வேண்டும்.

ஒரு பகடையை எடுத்துக்கொள்ளுங்கள். 1 விழுந்தால் தோல்வி. வேறு எது விழுந்தாலும் வெற்றி. ஆட்டத்துக்கு ஆட்டம் ஆறில் ஐந்து பங்கு, அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு 83 வெற்றி வாய்ப்புள்ள மிக வலிய அணி இது. ஆறு முறை உருட்டுங்கள். ஒருமுறைகூட 1 விழாவிட்டால் பட்டம் உங்களுக்கு. இவ்வாறு 30 போட்டிகள் நடத்திக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுமார் 10 போட்டிகளில்தான் பட்டம் கிடைத்திருக்கும். 5/6 என்பதை ஆறுமுறை பெருக்கினால் 0.335 வருவதே காரணம். மூன்றில் இருமுறை இந்த வலிய அணி வெறுங்கையோடு வீடு திரும்பும்! அதனால் அணி மோசமானது என்று சொல்லிவிட முடியுமா?

என்.பி.ஏ. இறுதியில் ஓர் ஆட்டத்தோடு முடிவு செய்வதில்லை. ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடரில் முதலில் நான்கு வெல்பவருக்கே பட்டம். நம் பகடை அணி அத்தகைய தொடரில் ஆடினால், தொடரை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 98 ஆக உயரும். ஊசலுக்கு 20 அலைவுகள் எண்ணுவதும் இதுவும் ஒரே தத்துவமே.

38 வெற்றிகளும் ஒரு தோல்வியும்

ஓராண்டு மாணவர்களை நம்பி அணி அமைத்ததில் பெயர்பெற்றது கென்டக்கி பல்கலைக்கழகம். முதலாண்டு மாணவர் ஆண்டனி டேவிஸ் முன்னின்று ஆட, 2012-இல் அது பட்டம் வென்றது. டேவிஸும் அவருடைய தோழர்கள் பலரும் உடனே கல்லூரியை விட்டுச் சென்றனர். 2013-இல் அதே கல்லூரிக்குத் தேசியப் போட்டியில் இடமே கிடைக்கவில்லை. இரண்டாந்தரப் போட்டியின் முதல் ஆட்டத்தில் ராபர்ட் மோரிஸ் என்னும் சிறு பல்கலைக்கழகத்திடம் 59-57 எனத் தோற்றது. ஒவ்வோராண்டும் புதிதாக அணி கட்டுவோர் தரவேண்டிய விலை இது.

2015-இல் கென்டக்கி 38 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. 39-ஆவது ஆட்டமான அரையிறுதியில் விஸ்கான்சினிடம் 71-64 எனத் தோற்றது. பட்டம் போயிற்று. "தோல்வியடைந்த அணி" என்றே பலர் அதை நினைவில் வைத்துள்ளனர்.

நம் பகடையைக் கேட்போம். 38 முறை உருட்டி ஒருமுறைகூட 1 விழாதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று! பட்டம் வெல்லும் வாய்ப்போ மூன்றில் ஒன்று. எல்லா எதிரணிகளும் பகடையைப்போல் சமவலிமை உடையவை அல்ல. போட்டியின் பிற்பகுதியில் எதிரிகள் வலியவர்கள். ஆகவே இக்கணக்கு தோராயமானதே. ஆயினும், அரிய செயல் எது, எளிதில் நற்பேறு கைகொடுக்கும் செயல் எது என்பதை இது காட்டிவிடுகிறது.

ஓராண்டு மாணவர்களால் பட்டம் கிட்டாது என்றும் எண்ணிவிடாதீர்கள். அதே 2015-இல் பட்டம் வென்ற டியூக் பல்கலைக்கழக அணியிலும் ஓராண்டோடு விடைபெற்ற மூவர் இருந்தனர்.

பகுதியில் எதை எழுதுவது?

கல்லூரி என்றால் படிப்பும் உண்டே! படித்துப் பட்டம் பெறுவோர் விகிதத்தை அளந்தால் என்ன?

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. ஓர் அணியில் 5 மாணவர் சேர்ந்ததாகக் கொள்வோம். இருவர் தேர்ச்சி நிலையில் இருக்கும்போதே ஓராண்டில் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றுவிட்டனர். மீதி மூவரும் பட்டதாரிகளாயினர். அமெரிக்க மத்திய அரசின் கணக்கு முறைப்படி விகிதம் 3/5, அதாவது நூற்றுக்கு 60. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முறையோ, நல்ல தேர்ச்சியோடு விலகியவர்களைப் பகுதியிலிருந்து கழித்துவிடும். ஆகவே 3/3, நூற்றுக்கு 100! மாணவர்களில் மாற்றமில்லை, பின்னத்தின் கீழ் எழுதும் எண்ணில்தான் மாற்றம்.

ஆகவே, "நூற்றுக்கு இத்தனை" என்று எவர் கூறினாலும், "எந்த நூறு?" என்று கேட்கப் பழகுங்கள்.

காலம் என்னும் கோல்

2007-இன் இரு இளைஞர்களிடம் திரும்புவோம். முதலாவதாக எடுக்கப்பட்ட ஓடனுக்கு, முதல் ஆட்டம் ஆடுமுன்பே முழங்காலில் அறுவை சிகிச்சை. காயங்கள் தொடர்ந்தன. என்.பி.ஏ. பருவ ஆட்டங்களில் மொத்தம் 105-இல் மட்டுமே அவரால் ஆட முடிந்தது. இரண்டாவதாக எடுக்கப்பட்ட டுராண்ட் ஆயிரம் ஆட்டங்களைக் கடந்தார், 2014-இல் என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார். தேர்வு நாளில் எடுத்த அளவீடு, முழங்காலின் வலிமையை அளக்கவில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. ஓடன் 2016-இல் தம் பழைய பல்கலைக்கழகத்துக்கே திரும்பினார். அணியின் பயிற்சிப் பணியில் உதவிக்கொண்டே படித்து 2019-இல் பட்டம் பெற்றார். நான் முன்னர் கூறிய இரு கணக்கு முறைகளும், சேர்ந்த நாளிலிருந்து ஆறாண்டுக்குள் பட்டம் பெற்றவரையே எண்ணுபவை. 2006-இல் சேர்ந்து 2019-இல் முடித்தவருக்கு அவற்றில் இடமில்லை. ஆனால் அவர் கையில் பட்டம் இருக்கிறது!

நண்பர்களே, சோதனைச் சாலையில் நாம் பின்பற்றும் விதிகள் மூன்று. எதை அளக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். ஒற்றை அளவீட்டை நம்பக்கூடாது. அளவுகோலுக்கு எட்டாதது எது என்பதையும் குறித்துவைக்க வேண்டும். அடுத்த முறை ஓர் அணியையோ, உங்கள் வகுப்புத் தோழனையோ, உங்களையோ "தோல்வி" என்று எவரேனும் கூறினால், இம்மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

பயிற்சி: ஆட்டத்துக்கு ஆட்டம் நூற்றுக்கு 90 வெற்றி வாய்ப்புள்ள அணி, தொடர்ந்து 6 ஆட்டங்களில் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு? (விடை: சுமார் நூற்றுக்கு 53.)