தோட்டம் கைமாறினால் வீடு என்னாகும்?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. தோட்டப்புற மக்களுள் பலருக்கு லயத்து வீடே அந்த வளை. பாட்டன் பால்மரம் சீவிய நிரையிலே பேரனும் சீவுகின்றான். பாட்டி நட்ட முருங்கை இன்றும் வாசலில் நிற்கின்றது. ஆயினும், இவ்வீட்டின்மேல் நமக்குள்ள உரிமை யாது என்னும் வினாவைப் பெரும்பாலோர் தோட்டம் விற்பனையான பின்னரே எழுப்புகின்றனர். அதற்குள் காலம் கடந்துவிடுகின்றது. ஆகவே, இது குறித்துச் சட்டம் கூறுவதை இத்திங்கள் படிப்படியாகக் காண்போம்.

தோட்டங்கள் கைமாறுவது புதிதன்று. 1950ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அந்நிலையை எதிர்கொள்ளவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் அச்சங்கம் தோட்டங்களை வாங்கிற்று. பிற்காலத்தில் தோட்ட நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் நகரங்களாகவும் மாறலாயின. இன்றைய புத்ராஜெயா நிற்பதும் ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டமாக இருந்த மண்ணில்தான்.

வேலையோடு சேர்ந்த வீடு

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக உணர்தல் வேண்டும். தோட்ட வீடு வேலையின் பொருட்டுத் தரப்படும் வீடு. எத்தனை தலைமுறை அதில் வாழ்ந்திருந்தாலும், அந்தக் காரணத்தால் மட்டும் அது நமக்குச் சொந்தமாகிவிடாது. வேலை ஒப்பந்தம் முடிவுறும்போது வீட்டில் தங்கும் உரிமையும் தளர்ந்துவிடுகின்றது.

ஆயினும், வேலையில் இருக்கும் காலம் வரை நிருவாகத்திற்குக் கடமைகள் உண்டு. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 446ஆம் எண் சட்டம், அவற்றை வகுத்துள்ளது. வீட்டிற்குள் இலவசமாகப் போதிய குழாய்நீர் வருதல் வேண்டும். போதிய மின்சார வசதி இருத்தல் வேண்டும். கட்டடம் நன்னிலையில் பழுதுபார்க்கப்படுதல் வேண்டும். தோட்டம் விற்பனைக்கு வந்துவிட்டது என்பது இக்கடமைகளைக் கைவிடுவதற்குக் காரணமாகாது. கூரை ஒழுகினாலும், குழாயில் நீர் நின்றாலும், தொழிலாளர் இலாகாவிடம் எழுத்து மூலம் முறையிடலாம்.

முன்னறிவிப்பும் பணப்பயனும்

தோட்டம் மூடப்பட்டாலோ விற்கப்பட்டதன் காரணமாக வேலை முடிவுற்றாலோ, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி முன்னறிவிப்புத் தருதல் வேண்டும். ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம். ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குட்பட்டவருக்கு 6 வாரம். ஐந்தாண்டும் அதற்கு மேலும் செய்தவருக்கு 8 வாரம். இவை குறைந்த அளவுகளே.

அடுத்து, 1980ஆம் ஆண்டு விதிகளின்படி வேலைநீக்கப் பணப்பயன் உண்டு. ஓராண்டேனும் தொடர்ந்து வேலை செய்தவர் இதற்குரியவர். ஈராண்டுக்குக் குறைந்தவருக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம்; ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குட்பட்டவருக்கு 15 நாள்; அதற்கு மேற்பட்டவருக்கு 20 நாள்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். இருபத்திரண்டு ஆண்டு வேலை செய்த ஒருவரின் சராசரி நாட்சம்பளம் 60 வெள்ளி எனக் கொள்வோம். 20 நாளுக்கு 1,200 வெள்ளி. 22 ஆண்டுக்கு 26,400 வெள்ளி. வேலை முடிவுற்ற நாளிலிருந்து ஏழு நாளுக்குள் இத்தொகை கணக்கு விவரத்துடன் தரப்படுதல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. தோட்டத்தை வாங்கியவர், உரிமை மாறிய ஏழு நாளுக்குள், முன்னைய நிலைக்குக் குறையாத வகையில் வேலை தர முன்வந்தால், தக்க காரணமின்றி அதனை மறுப்பவர் பணப்பயனை இழப்பார். ஆதலால் கோபத்தில் மறுப்புச் சொல்லாமல் கலந்தறிந்து விடை தருக.

மாற்று வீடு வேறு, பணப்பயன் வேறு

பணப்பயன் செய்த வேலைக்குரியது. அது வீட்டின் விலையன்று. பணம் பெற்றோர் மாற்று வீடு கேட்கலாகாது என்று யாரேனும் கூறினால் அது சரியன்று. ஆனால் மேற்கூறிய சட்டங்களுள் எதுவும் மாற்று வீட்டைத் தானாகவே தந்துவிடுவதில்லை. பேசிப் பெறும் உடன்பாட்டினாலேயே அது கிடைக்கின்றது. ஆகவே உடன்பாடு எழுத்தில் இருத்தல் இன்றியமையாதது.

புத்ராஜெயாவுக்காக இடம்பெயர்ந்த குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளில் குடியமர்ந்தன. தங்களுக்கெனத் தனி வீடு வேண்டி அவை இருபதாண்டுகளுக்கு மேல் முறையிட நேர்ந்தது. குழந்தையாய் இடம்பெயர்ந்தவர் தாமே பெற்றோராகிவிடும் காலம் அது.

எந்த இடத்தில் வீடு, என்ன அளவு, எவ்வளவு விலை, எந்தத் திகதிக்குள் சாவி, அதுவரை குடியிருப்பது எங்கே, வாடகை யார் பொறுப்பு என்னும் ஆறும் உடன்பாட்டில் தெளிவாக எழுதப்பட வேண்டும். பெரட்டுக் களத்தில் சொல்லப்பட்ட சொல் காற்றோடு போகும். கையொப்பமிட்ட தாளே நீதிமன்றத்தில் பேசும்.

நகரில் வாடகைக்கு இருப்போர்

நம் பிள்ளைகள் பலர் இன்று நகரில் வாடகை வீட்டில் வாழ்கின்றனர். 1948க்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு அந்தப் பாதுகாப்பும் முடிவுற்றது. இன்று வாடகை என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒப்பந்தத்திற்கு முத்திரைத் தீர்வை செலுத்துக. இன்றேல் வழக்கில் அதனைச் சான்றாகக் காட்டுவது கடினம்.

ஆனால் ஒரு பாதுகாப்பு நிலைத்துள்ளது. தவணை முடிந்த பின்னும் வாடகைக்காரர் வெளியேறாதிருந்தால், வீட்டுக்காரர் நீதிமன்றத்தின் வழியாகவே வீட்டை மீட்க வேண்டும் என்று 1950ஆம் ஆண்டுக் குறித்த நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு கூறுகின்றது. பூட்டை மாற்றுவதும் பொருள்களை வெளியே எறிவதும் முறையன்று. இப்பிரிவு வாடகைக்காரருக்கென எழுதப்பட்டது. வேலையோடு சேர்ந்த தோட்ட வீட்டிற்கும் அப்படியே பொருந்தும் என நம்பியிருத்தல் ஆகாது.

யாரை நாடுவது?

சம்பளம், முன்னறிவிப்பு, பணப்பயன் ஆகியவற்றிற்குத் தொழிலாளர் இலாகாவை நாடுக. அங்கு வழக்கறிஞரின்றியே முறையிடலாம். சங்க உறுப்பினர் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தின் கிளைக்குத் தெரிவித்தல் வேண்டும். வழக்கென வரும்போது, வருமானம் குறைந்தோர் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் சட்ட உதவி இலாகாவையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களையும் அணுகலாம்.

நினைவிற் கொள்க

1. சம்பளச் சீட்டு, வேலை நியமனக் கடிதம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றை ஓரிடத்தில் பாதுகாத்து வைக்கவும்.
2. புரியாத மொழியில் உள்ள தாளில் கையொப்பமிட வேண்டாம். படித்து விளக்கச் சொல்லி, ஒரு படி கேட்டுப் பெறவும்.
3. நீதிமன்றக் கடிதம் வந்தால் ஒதுக்கி வைக்க வேண்டாம். குறித்த நாளில் போகாதவருக்கு எதிராக, அவர் இல்லாமலேயே தீர்ப்பாகிவிடலாம்.
4. தனித்தனியே பேசாமல், லயத்தார் அனைவரும் குழு அமைத்து ஒரே குரலில் பேசவும்.
5. வீட்டைக் காலி செய்வதற்கு முன்னரே ஆலோசனை கேட்கவும். சாவியைக் கொடுத்த பின்னர்ப் பேரம் பேசும் வலிமை குன்றிவிடும்.

வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இப்பாடத்தைப் பெற்றோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் உரக்கப் படித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.